தங்கையின் கணக்கில் வந்த பணம்

கேள்வி: ஸ்கூட்டரில் 1.4 கிலோ கஞ்சா வைத்திருந்ததாக என் 22 வயது மகனைக் கைது செய்து, புழல் சிறையில் அடைத்து 19 நாட்களாகின்றன. ஜாமீன் கிடைக்குமா? அவன் நல்ல பிள்ளை. நண்பர்கள் 300, 500 என்று அனுப்பும் பணத்தைக்கூடக் கல்லூரியில் படிக்கும் தங்கையின் ஜிபேயில்தான் போடச் சொல்வான். அவள் எடுத்துக் கொடுப்பாள்.
– ஒரு தாய், கொளத்தூர்

பதில்: கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. உங்கள் மகனிடம் இருந்ததாகச் சொல்லப்படுவது இடைப்பட்ட அளவு. குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே வந்தால் மறுபடி குற்றம் செய்யமாட்டான் என்றும் நீதிபதி கருதினால் மட்டுமே ஜாமீன் தரலாம் என்கிற, 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆவது பிரிவு இந்த அளவுக்குப் பொருந்தாது. முன்வழக்கு ஏதும் இல்லையென்றால் ஜாமீனுக்கு வாய்ப்பு உண்டு.

ஆனால், நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பணம் எதற்காக வந்தது என்று ஒருநாளாவது கேட்டீர்களா? தன் கணக்கை விட்டுவிட்டுத் தங்கையின் எண்ணை அவன் ஏன் கொடுத்தான்? அதை நல்ல பிள்ளைக்கு அடையாளமாக நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. அது விற்ற காசு என்று காவல்துறை கருதி, சட்டவிரோதக் கடத்தலுக்குப் பணம் புழங்கியதாக அதே சட்டத்தின் 27ஏ பிரிவையும் சேர்த்துவிட்டால், கஞ்சாவின் அளவு எதுவானாலும் 37-ஆவது பிரிவின் தடை வந்துவிடும். அப்போது அவன் ஜாமீனும் சிக்கலாகும், அவள் பெயரும் வழக்கில் ஏறும். மகனைச் சந்திக்கப் புழல் சிறை வாசலில் காத்திருக்கும் உங்களுக்கு, வீட்டில் இருக்கும் மகள் கண்ணில் படவில்லை. ஆண்பிள்ளையின் தவற்றுக்குப் பெண்பிள்ளையை முன்னால் நிறுத்துவதைப் பாசம் என்று நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

அவள் கைப்பேசியிலிருந்து ஒரு பதிவைக்கூட அழிக்காதீர்கள். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். மகனுடைய வழக்கறிஞரே அவளுக்கும் போதும் என்று இருந்துவிடாதீர்கள், ஏனென்றால் அவனைக் காப்பாற்றும் பதில் அவளை மாட்டிவைக்கக்கூடும். பணவசதி இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கொடுப்பார்கள்.

இன்றிரவே அவளை அருகில் உட்காரவைத்து, அந்தப் பணத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று, திட்டாமல், கேளுங்கள். நாளைக் காலையில் முதலில் அவளுடைய வழக்கறிஞரைப் பாருங்கள். ஜாமீன் மனு ஒருநாள் தள்ளிப்போனாலும் போகட்டும்.