மாசக் கடைசி போன் எங்கிருந்து வருகிறது? நீலகிரியில் கார் விற்றவரிடம் சில கேள்விகள்

2008-ல் ஊட்டியில் ஒரு கார் ஷோரூமில் சேல்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று மலை முழுக்க ஃபீல்டு போனேன், அப்புறம் டீம் லீடர் ஆனேன், 2022-ல் வெளியே வந்தேன். இப்போது பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குக் கூடப் போய் வண்டி பார்த்துச் சொல்கிறேன். வண்டி வாங்குகிறவர்களும் அதை விற்கிற பிள்ளைகளும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கூடலூர், பி.காம். முடித்த 22 வயது இளைஞர்: அண்ணா, கோவை டீலர் ஒருவரின் ஊட்டி கிளையில் சேல்ஸ் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் குறைவுதான், இன்சென்டிவ் நிறைய வரும் என்கிறார்கள். சேரலாமா?

சேரலாம் தம்பி. மனிதர்களிடம் பேசிப் பழக இப்படிச் சொல்லித்தரும் வேலை நம் மலையில் அதிகம் இல்லை. ஆனால் டார்கெட் எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

கார் தயாரிக்கிற கம்பெனி, டீலருக்கு வண்டியை அனுப்பியதுமே அதன் கணக்கில் அது விற்பனை ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்த வண்டி டீலர் போட்ட பணம், பெரும்பாலும் வங்கியில் வட்டிக்கு எடுத்த பணம். யார்டில் நிற்கிற ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். டீலர்கள் சங்கமான ஃபாடா, 21 நாள் விற்பனைக்கு வேண்டிய ஸ்டாக் இருந்தால் போதும் என்று சொல்லிவருகிறது. 2024 பண்டிகை நேரத்தில் அது 80 நாளைத் தொட்டது. அந்த வட்டியின் சூடுதான் ஓனரிடமிருந்து ஜெனரல் மேனேஜர், மேனேஜர், டீம் லீடர் என்று இறங்கி உங்கள் போனுக்கு வருகிறது. மேனேஜர் கத்தும்போது அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை என்று எனக்குப் புரிய நாலு வருஷம் ஆனது. உங்களுக்கு முதல் மாதமே புரியட்டும்.

மலையில் இன்னொன்றும் உண்டு. கோவையில் ஒரு பையன் மதியத்துக்குள் நாலு என்கொயரி பார்த்துவிடுவான். நாம் ஊட்டியிலிருந்து பந்தலூர் போய் ஒரு டெஸ்ட் டிரைவ் கொடுத்துத் திரும்பினால் அன்றைய பொழுது முடிந்தது. பச்சைத் தேயிலை விலை விழுந்த மாதத்தில் சிறு விவசாயி வீட்டில் கார் பேச்சே எழாது. ஏப்ரல், மே சீசனில் லாட்ஜ்காரர், டாக்சிக்காரர் கையில் காசு இருக்கும், வண்டி பார்க்க நேரம் இருக்காது. கீழே கோவையில் உட்கார்ந்து போடுகிற டார்கெட் ஷீட்டில் இதெல்லாம் வராது. 2009 நவம்பரில் மண்சரிவில் மலைச்சாலைகள் அறுந்து, பலர் உயிரிழந்த அந்த மாதத்திலும் என் கிளைக்கு ஒரு வண்டிகூடக் குறைக்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

சேர்வதற்கு முன் கேளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.யில் சேர்க்க வேண்டும். பெட்ரோல் காசு கிலோமீட்டர் கணக்கா, மாதத்துக்கு ஒரே தொகையா? ஒரே தொகை என்றால் நம் ஊர் தூரத்துக்குக் கட்டாது. டெமோ வண்டியில் கீறல் விழுந்தால் யார் பணம்? இன்சென்டிவ் டெலிவரி ஆனதும் வருமா, ஆர்.சி. வந்த பிறகா, வாடிக்கையாளரின் வங்கிக் கடன் பணம் வந்த பிறகா? பதில்களை ஆஃபர் லெட்டரிலோ மெயிலிலோ வாங்கிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். காட்டிவிட்டு நகலைக் கொடுத்தால் போதும்.

குன்னூர், பள்ளி ஆசிரியை: 27-ம் தேதி ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து போன் வருகிறது. இன்றே புக் செய்யாவிட்டால் ஆஃபர் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை டீச்சர். சலுகைகள் மாதம் மாதம்தான் வரும். பழையது முடிந்து புதுச் சுற்றறிக்கை வரும்வரை அந்தப் பையனுக்கே என்ன கிடைக்கும் என்று தெரியாது. ஆனால் வண்டி தேங்கி நிற்கிற மாடலுக்கு அடுத்த மாதமும் அதே அளவோ அதற்குக் கொஞ்சம் முன்பின்னாகவோ வருவதுதான் நான் பார்த்த வழக்கம். விலை ஏற்றினால் கம்பெனிகள் வெளிப்படையாக அறிவிக்கும், செய்தித்தாளில் வரும். செய்தியில் இல்லாத விலையேற்றத்தை நம்ப வேண்டாம்.

2025-ல் நடந்ததைச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. குறையப்போகிறது என்று ஆகஸ்ட் 15-ம் தேதியே அறிவிப்பு வந்தது. அந்த மாசக் கடைசியிலும் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு 'இன்றே கடைசி' என்று போன் வந்துகொண்டே இருந்தது. அவர்கள் பொறுத்தார்கள். செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் போய் 18 சதவீதம் ஆனது. போன் செய்த பையனைக் குறை சொல்லமாட்டேன். அந்த மாதமும் அவனுக்கு டார்கெட் இருந்தது.

மாசக் கடைசியில் பேரம் பேசுவது உங்களுக்கு நல்லதுதான். டெலிவரியை மட்டும் அவசரத்தில் எடுக்காதீர்கள். 31-ம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு, மழையில், டியூப்லைட் வெளிச்சத்தில் வண்டியைப் பார்த்து வாங்கியவர்கள் மறுநாள் காலையில் பம்பர் கீறலோடு வந்து நின்றதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பணம் முழுக்கக் கட்டுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றி வந்து பாருங்கள். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று கம்பெனி தருகிற சான்றான படிவம் 22-ஐக் கேட்டு வாங்கி, வண்டி எந்த மாதம் தயாரானது என்று பாருங்கள்.

கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயி: இன்சூரன்ஸ் எங்களிடம்தான் எடுக்கணும், இல்லையென்றால் தள்ளுபடி கிடையாது என்கிறார்கள். சட்டம் என்ன?

எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது உங்கள் உரிமை. ஷோரூமில் கட்டாயப்படுத்த முடியாது. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) 3 வருடத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். சொந்தச் சேதத்துக்கு 1 வருடம் போதும். வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கிக்கொண்டு போய் மேசைமேல் வையுங்கள். அதே காப்பீட்டுத் தொகை, அதே ஆட்-ஆன்கள் (கூடுதலாகச் சேர்க்கும் பாதுகாப்புகள்) இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒப்பிடுங்கள். பலநேரம் ஷோரூமே அந்த விலைக்கு இறங்கி வரும். வந்தால் அங்கேயே எடுங்கள். அடிபட்டால் கிளெய்ம் வேலையை அவர்களே பார்ப்பார்கள், கோவைக்கு அலைவது மிச்சம்.

அதே விவசாயி: 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் வண்டி பார்த்தேன். இன்னும் 20,000 போட்டால் மேல் வேரியண்ட் என்கிறார்கள்.

ஐயா, இதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், 10 லட்சம் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்சத்துக்கு 1,28,700 ரூபாய் வரி. 10.10 லட்சத்துக்கு 1,81,800. வண்டியில் 20,000 கூடும்போது வரியில் 53,100 கூடுகிறது. அதோடு 10 லட்சம் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வரும், இன்று கையை விட்டுப் போகும். அந்த 20,000-க்கு என்ன கிடைக்கிறது என்று எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று பில்லில் தனியாக ஒரு தொகை இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், எடுப்பார்கள்.

ஊட்டி, ஷோரூமில் வேலை பார்க்கும் இளைஞர்: அண்ணா, புக்கிங் எண்ணிக்கை குறைகிறது என்று மேனேஜர் எங்களையே பணம் கட்டச் சொல்கிறார். மாமா பெயரிலும் நண்பன் பெயரிலுமாக 5,000 வீதம் மூன்று புக்கிங் போட்டுவிட்டேன். கேன்சல் செய்தால் வந்துவிடும் என்கிறார்.

தம்பி, இதை இன்றோடு நிறுத்துங்கள். நானும் செய்திருக்கிறேன், அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன். முதல் தடவை பணம் பத்து நாளில் வந்தது. இரண்டாம் தடவை இரண்டு மாதம் ஆனது. மூன்றாம் தடவை மேனேஜர் மாறிவிட்டார், புது ஆளுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அந்த டிசம்பரில் என் மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கினேன்.

பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. இந்த மாதம் பொய்யாகப் பத்து காட்டினால் அடுத்த மாத டார்கெட் அந்தப் பத்தின் மேல்தான் ஏறும். உங்கள் கிளையால் முடியும் என்று மேலே நினைத்துக்கொள்வார்கள். இல்லாத விற்பனையை நீங்களே உங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். அதோடு, அவசரத்துக்கு உங்கள் மாமாவின் ஆதார் நகல், கையெழுத்து எல்லாம் ஷோரூம் ஃபைலில் போய் உட்கார்ந்திருக்கிறது. நாளை தணிக்கை வந்து கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். மேனேஜர் வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

கட்டிய மூன்றுக்கும் ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். கேன்சல் கடிதத்தை அந்தந்தப் பெயரிலேயே மெயிலில் அனுப்புங்கள், கிளை மேனேஜரோடு கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து. அடுத்த முறை கேட்டால் "சார், கையில் காசு இல்லை" என்று சொன்னால் போதும். சண்டை வேண்டாம், விளக்கமும் வேண்டாம். டார்கெட் போகவில்லை என்று சம்பளத்தில் பிடித்தால் அது தவறு. சட்டம் அனுமதிக்கிற பிடித்தங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு, டார்கெட் அதில் இல்லை.

குன்னூர், சேல்ஸ் வேலையில் இருக்கும் பெண்: காலை ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறோம். வாடிக்கையாளர் இல்லாதபோது உட்கார்ந்தாலும் கேமராவில் பார்த்துவிட்டு போன் வருகிறது. முன்பின் தெரியாத ஆளோடு தனியாக டெஸ்ட் டிரைவ் போகவும் சொல்கிறார்கள்.

உட்காருங்கள் தங்கச்சி. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தப்படி ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும், வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விடவும் வேண்டும். நம் குளிருக்கு டைல்ஸ் தரையில் பத்து மணிநேரம் நின்றால் கால் என்ன ஆகும் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது.

டெஸ்ட் டிரைவுக்கு முன் லைசென்ஸை வாங்கிப் படம் எடுத்து டீம் குரூப்பில் போட்டுவிட்டு, எந்தச் சாலை என்றும் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். மனசுக்குச் சரியாகப் படாத ஆள் என்றால் பின்சீட்டில் ஒருவரை ஏற்றுங்கள். அதை மறுக்கிற மேனேஜர் தவறு செய்கிறார். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பெண்களின் புகாரை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

அருவங்காடு, கார் வைத்திருப்பவர்: சர்வீஸ் அட்வைசருக்கும் டார்கெட் உண்டா?

உண்டு. ஒரு ஜாப் கார்டுக்கு, அதாவது சர்வீஸுக்கு வரும் ஒரு வண்டிக்கு, இவ்வளவு பில் வர வேண்டும் என்று அவருக்கும் கணக்கு வைத்திருப்பார்கள். இன்ஜின் கிளீனிங், ஏ.சி. கிளீனிங், கோட்டிங் எல்லாம் பெரும்பாலும் அதற்காகக் கேட்பவை. ஏ.சி.யே போடாத ஊரில் வருடாவருடம் ஏ.சி. கிளீனிங் எதற்கு? ஆனால் பிரேக் பேடு தேய்ந்திருக்கிறது என்று சொன்னால் அதை ஏமாற்று என்று தள்ளாதீர்கள். கழற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பர்லியாறு இறங்கி ஏறுகிற வண்டிக்குப் பிரேக்கும் கிளட்சும் சமவெளியைவிடச் சீக்கிரம் போகும். பிரேக் ஆயிலையும் கையேட்டில் சொன்ன கெடுவில் மாற்றிவிடுங்கள்.

கேத்தி, ஒரு தாய்: சார், என் மகனுக்கு 26 வயது. ஷோரூமிலிருந்து ராத்திரி பத்துக்கு வருகிறான். சாப்பிடும்போதும் குரூப்பில் மெசேஜ். மாசக் கடைசியில் தூங்குவதே இல்லை. விட்டுவிடு என்றால் கோபப்படுகிறான்.

அம்மா, விட்டுவிடு என்று சொல்லாதீர்கள். தோற்றுவிட்டாய் என்று சொல்வதுபோல அவன் காதில் விழும். என் அம்மா அதைச் சொல்லவில்லை. "இன்றைக்கு எங்கே போனாய், யார் வீட்டில் டீ கொடுத்தார்கள்" என்று கேட்பார். அந்தப் பேச்சில்தான் நான் மூச்சுவிட்டேன். எண்ணிக்கையைக் கேட்காத ஒரே ஆள் வீட்டில் இருந்தார்.

சட்டப்படி நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 48 மணிநேரம்தான் வேலை. வார விடுமுறையில் போனை எடுக்காமல் இருக்க அவன் பழகட்டும். நெஞ்சு படபடப்பு, சாப்பாடு இறங்காமை, யாரோடும் பேசாமை என்று வாரக்கணக்கில் போனால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். முதலில் நீங்களேகூடப் பேசிக் கேளுங்கள்.

கோத்தகிரி, வேலையை விட்டவர்: இரண்டு மாதம் ஆகிறது. கடைசி மாதச் சம்பளமும் நாலு வண்டியின் இன்சென்டிவும் தரவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்குச் சம்பள பாக்கியை 2 வேலை நாளுக்குள் தர வேண்டும். முதலில் எச்.ஆருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள், ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக எழுதி: வாடிக்கையாளரின் புக்கிங் எண், டெலிவரி தேதி, அந்த மாத இன்சென்டிவ் சுற்றறிக்கை. ஒரு வாரம் பாருங்கள். பதில் இல்லையென்றால் ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், ராஜினாமா மெயில், எச்.ஆருக்கு அனுப்பிய மெயிலின் நகல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் குன்னூரில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். மனுவைக் கொடுத்ததும் நகலில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். மெயிலை எழுதத் தயக்கமாக இருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.