தங்கம் அரிக்கும் இடத்துக் குருவிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விடுமுறை நாட்களில் நியூசிலாந்தின் லயல் ஓடையில் தங்கம் அரிக்கப் போகிறோம். மண்ணைக் கிளறினால் போதும், சின்னக் குருவிகள் வந்துவிடுகின்றன. இரண்டு வகை ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒலியைப் பதிந்தால் செயலி எதையும் காட்டுவதில்லை. எப்படிப் பிரித்தறிவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பீச் (beech) மரக் காட்டு நிழலில் எல்லாமே சாம்பல்தான். காலும் வாலும்தான் காட்டிக்கொடுக்கும்.

உங்களைக் குழப்புவது ராபினும் டாம்டிட்டும். ராபின் 18 செ.மீ., சுமார் 35 கிராம். குச்சிக் கால், நிமிர்ந்த நிலை. தரையிலேயே தத்தித் தத்தி இரை தேடும். நீங்கள் பாசியைப் பெயர்த்துக் கல்லைப் புரட்டினால் புழு கிடைக்கும் அல்லவா, அதற்காகத்தான் வருகிறது. பூட்ஸுக்கு ஓரடி தள்ளி நின்று ஒற்றைக் காலைச் சருகின்மேல் கிடுகிடுவென்று நடுக்கும். பூச்சி அசைந்த நொடியில் கொத்து.

டாம்டிட் 13 செ.மீ., 11 கிராம்தான். பெரிய தலை, குட்டைக் கால். அடிமரத்தில் பக்கவாட்டாகத் தொற்றியிருந்து தரைக்குப் பாய்ந்து, இரையோடு மேலே போய்விடும். ஆணுக்குக் கருந்தலை, மஞ்சள் நெஞ்சு, இறக்கையில் வெள்ளைப் பட்டை. பெண் பழுப்பு, ராபின் குஞ்சு என்று பலர் குறித்துவைப்பது இதைத்தான். மடித்த இறக்கையில் பட்டை தெளிவாகத் தெரிந்தால் டாம்டிட். (ராபின் என்பது ஆங்கிலேயர் ஊர் நினைப்பில் வைத்த பெயர். அவர்கள் ஊர் ராபினுக்கும் இதற்கும் உறவில்லை.)

ஃபேன்டெயில் நம் விசிறிவால் ஈப்பிடிப்பானின் சொந்தம். அது மண்ணுக்காக வருவதில்லை, உங்களைச் சுற்றும் சாண்ட்ஃப்ளை என்ற கடிக்கும் சின்ன ஈக்காக. தெற்குத் தீவில் உடல் முழுக்கக் கருத்ததும் உண்டு. வாலை விரித்தால் சந்தேகம் தீர்ந்தது.

வாலே இல்லாததுபோல 8 செ.மீ.யில் ஒன்று மரத்தடியில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி மேலேறி, அடுத்த மரத்தின் அடிக்குப் பறந்தால் அது ரைஃபிள்மேன். இலை நுனியில் சிறகடித்து அந்தரத்தில் நின்றால் கிரே வார்ப்ளர். கூட்டமாக வந்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் சில்வர்ஐ, நம் வெள்ளைக்கண்ணியின் இனம்.

செயலியைக் குறை சொல்ல வேண்டாம். ஓடை இரைச்சலில் அந்த மெல்லிய குரல் மூழ்கிவிடுகிறது. கரை மேட்டுக்கு அப்பால் நின்று பதியுங்கள். ரைஃபிள்மேனின் கீச்சு அவ்வளவு உச்சமானது. வயதான காதுகளுக்கு அருகிலேயே கேட்காது.

பைனாகுலரை ஓடையில் எடுக்காதீர்கள். சேற்றுக் கையால் லென்ஸ்தான் கெடும். ராபின் பைனாகுலரே தேவைப்படாத தூரத்தில்தான் இருக்கும். குழிக்குள்ளேயே இறங்கி நிற்கும் பழக்கம் அதற்கு உண்டு, மண்வெட்டியை இறக்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.