நாய் இருக்கும் வீட்டில் முயல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் நாயும் முயலும் வளர்க்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இரண்டு வயது சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. மகள் முயல் கேட்கிறாள், வாங்கலாமா?

வேண்டாம். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய வேட்டை நாய் இனங்கள் முயல் விரட்டுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. ஓடுவதைக் கண்டால் அதன் கால் தானாகக் கிளம்பும், அதில் நாயின் குற்றம் எதுவும் இல்லை. மகளிடம் காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.

நான்கு வயது நாட்டு நாய், சாது. முயல் வந்து மூன்று நாள் ஆகிறது. எப்படிப் பழக்குவது?

முதல் இரண்டு வாரம் பார்க்கவே விடாதீர்கள். முயல் தனி அறையில் இருக்கட்டும், அது படுத்த துணியை நாயிடமும் நாயின் துணியை முயலிடமும் போட்டு வாசனையைப் பழக்குங்கள். அப்புறம் முயல் கூண்டுக்குள், நாய் கயிற்றில், நன்றாக நடந்து களைத்து வந்த நேரமாகப் பார்த்து ஐந்து நிமிடம் மட்டும். கூண்டில் முயல் ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி கட்டாயம் வேண்டும். நாய் வேறு பக்கம் பார்த்தால், கூப்பிட்டதும் திரும்பினால், உடனே தின்ன ஏதாவது கொடுங்கள். உடம்பு விறைத்து, கண் சிமிட்டாமல் முறைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், வெளியே கூட்டிப் போய்விடுங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பழக்க வேண்டியது நாயைத்தான். முயலைத் தூக்கி நாயின் மூக்கருகே காட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், பயத்தில் அது உதைத்துத் திமிறினால் முதுகெலும்பே முறிந்துவிடலாம்.

பொமரேனியனுக்கும் இதே முறையா?

இதே முறைதான்.

நாய்க்கு உண்ணி மருந்து சொட்டு விடுகிறோம். மீதியை முயலுக்கும் விடலாமா?

கூடவே கூடாது! ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து முயலின் உயிரையே எடுத்துவிடலாம். நாய்க்கு விட்டாலும் நன்றாகக் காயும்வரை முயலை அதன் பக்கத்தில் விடாதீர்கள்.

நாய் முயல் புழுக்கையைத் தின்கிறது.

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நாய்க்குக் குடற்புழு மருந்தைத் தவறாமல் கொடுங்கள்.

வயலில் காட்டு முயல் குட்டி கிடைத்தது, நாயோடு வளர்க்கலாமா?

எடுத்த இடத்திலேயே விடுங்கள். காட்டு முயல் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. அடிபட்டிருந்தால் வனத்துறையிடம் கொடுங்கள்.

பழகிவிட்டார்கள். பத்து நிமிடம் கடைக்குப் போகலாம்தானே?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. கூடாது. முயலைக் கூண்டில் அடைத்து, அறைக் கதவையும் சாத்திவிட்டுப் போங்கள்.

என் லாப்ரடாரும் முயலும் இரண்டு வருடமாக ஒரே மெத்தையில் தூங்குகின்றன. நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

நீங்கள் பார்த்ததை நம்புகிறேன். என் வீட்டிலும் மூன்று வருடம் அப்படித்தான் இருந்தது, ஒரே தட்டில் கேரட் தின்றார்கள். ஒருநாள் சிலிண்டர்காரர் மணியடித்தார், கதவைத் திறக்கப் போனேன். சத்தத்தில் மிரண்டு முயல் ஓடியது. அது ஓடியதைக் கண்டு நாய் பாய்ந்தது. ஒரே கவ்வுதான், நான் கத்தியதும் விட்டுவிட்டது. ரத்தம் எதுவும் தெரியவில்லை, தப்பித்தது என்று நினைத்து மருத்துவரிடம் போகவில்லை. மறுநாள் காலை இறந்து கிடந்தது. அடர்ந்த ரோமத்துக்குள் இரண்டு பல் குறி இருந்தது. நாய் கவ்விய முயலை, காயம் தெரியாவிட்டாலும், அப்போதே காட்ட வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அது உங்கள் நாயின் குணம். எல்லா நாயும் அப்படியா?

இல்லை. ஆனால் எந்த நாய் அப்படிச் செய்யும் என்பது அந்த ஒரு நொடிவரை யாருக்கும் தெரியாது. அவர்கள் சேர்ந்து தூங்கட்டும், நீங்கள் அதே அறையில் இருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

முயல் பண்ணை வைக்க என்ன செலவாகும்?

என் துறை இல்லை. கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் கேளுங்கள்.

நேற்று மாலை நாய் கூண்டருகே நின்று குரைத்தது. அதிலிருந்து முயல் புல்லைத் தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை. காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். பயத்தில் குடல் ஓட்டம் நின்றிருக்கலாம், முயலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு என்பதே ஆபத்து. முயல் பார்க்கத் தெரிந்த மருத்துவரா என்று போனில் கேட்டுவிட்டு உடனே கிளம்புங்கள். வாய்வழியாக அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை முயலுக்குக் கொடுக்கக் கூடாது, அதையும் அங்கே நினைவுபடுத்துங்கள். போய் வந்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.