வரலாற்றுத் தேவாலயம் ஒன்றை மாயப் புனைகதையின் களமாக்குவது எப்படி? யாழ்ப்பாணத்தில் எது பொருந்தும்?

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தேவாலயத்தைக் களமாக வைத்து ஒரு மாயப் புனைகதை எழுத எண்ணியிருப்பதாகவும், அது பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொருந்தாது என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுதுவது நானாக இருந்தால் சங்கானையில் கூரையின்றி நிற்கும் பழைய தேவாலயத்தையே எடுப்பேன்.

கோட்டைத் தேவாலயம் 1706இல் சிலுவை வடிவில் கட்டப்பட்டு, தரையில் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டு, உள்நாட்டுப் போரில் இடிந்து கற்குவியலாகிப் போனது. அழிவின் கம்பீரம் அதற்கு உண்டு. ஆயினும் அது அதிகாரிகளுக்கும் படைவீரர்களுக்குமாக மதிலுக்குள் எழுந்த ஆலயம். ஊர்ச்சனம் தன் வாழ்க்கையின் நல்லது கெட்டதுகளுடன் போய்வந்த இடமன்று. சங்கானை அப்படியன்று. போர்த்துக்கேயர் குடாநாட்டைக் கோயிற்பற்றுகளாக, அதாவது தேவாலயப் பங்குகளாகப் பிரித்து ஊரூராகத் தேவாலயம் எழுப்பினார்கள். 1658இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் அவற்றைத் தம் சீர்திருத்த (புரட்டஸ்தாந்து) சபைக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர்களுடன் வந்த பல்தேயுஸ் பாதிரியார் 1672இல் அச்சிட்ட நூலில் இந்த ஊர்த் தேவாலயங்களின் படங்களைச் சேர்த்திருக்கிறார். சங்கானையும் அவற்றுள் ஒன்று. உங்கள் கதைக்கு வேண்டிய வரைபடம் 350 ஆண்டுகளுக்கு முன்பே தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய கதைகளை எழுதத் தொடங்குவோர் பெரும்பாலும் ஊசிக்கோபுரம், வண்ணக் கண்ணாடி, சிறகு முளைத்த கற்பூதம், எலும்புகள் அடுக்கிய நிலவறை ஆகியவற்றையே முதலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இவற்றில் எதுவும் இங்கே இல்லை. ஒல்லாந்தர் ஆலயத்தில் சொரூபங்கள்கூடக் கிடையா. வெள்ளைச் சுவரும் பிரசங்கபீடமுந்தான். நிலவறை தோண்டினாலோ சுண்ணாம்புக்கற்பாறை இடறும். அதையும் உடைத்தால் தண்ணீர் வரும். குடாநாட்டின் அடியில் பாறையைக் கரைத்து ஓடும் நிலத்தடி நீர்தான் நமக்கு வாய்த்த பாதாளம். நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்து வந்ததாக ஊரில் சொல்லும் கதையை அறிந்திருப்பீர்கள். உங்கள் கதைமாந்தர் தேவாலயக் கிணற்றில் இறங்கி வேறோர் ஊரில் கரையேறினால் எந்த யாழ்ப்பாண வாசகரும் அதை மறுக்கமாட்டார்.

சுவரைக் கிட்ட நின்று பாருங்கள். அது முருகைக்கல், அதாவது பவளக்கல். நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளைகளும், மூளையின் மடிப்புகளைப் போன்ற வரிகளும் கல்லுக்குக் கல் வேறுபட்டுத் தெரியும். சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடங்களில் விரலை வைத்தால் மாவாக ஒட்டும். ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடிருந்த ஒன்றின் எலும்புக்கூட்டை வெட்டியடுக்கிக் கட்டிய சுவர் அது. மாயத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு: நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தபின் அதன் கற்கள் கோட்டை கட்டப் போயின என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. கோயிற்கல் ஒன்று தேவாலயச் சுவருக்குள் அகப்பட்டுக்கொண்டு, தன்னைச் சுற்றியிருக்கும் கடற்கற்களோடு ஒத்துப்போக மறுப்பதாக ஓர் அத்தியாயமே எழுதலாம்.

ஆனால் கதையின் அச்சாணி கல்லில் இல்லை, தோம்பு என்னும் பதிவேட்டில் இருக்கிறது என்பது என் கருத்து. ஒல்லாந்தர் காலத்தில் ஊர்த் தேவாலயமும் பள்ளிக்கூடமும் ஒன்றாகவே இயங்கின. ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளிக்கூடத் தோம்பில் பதியப்பட்டன. பதிவில்லாத விவாகம் செல்லுபடியாகாது. உத்தியோகம் வேண்டுமென்றாலும் ஞானஸ்நானம் வேண்டும். சீதனம், முதுசம் என்று யாழ்ப்பாணத்தாரின் வழக்காறுகளைத் தொகுத்து 1707இல் தேசவழமைச் சட்டம் எழுத்தில் வகுத்த உரிமைகளுக்கும் இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்பது நிலைபெற வேண்டும். ஆகவே தேவாலயத்தில் ஒரு பெயரை வாங்கிக்கொண்டு, வீட்டில் வேறொரு பெயரோடு, சைவ விரதமிருந்து உண்ட இலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுக்குமே என்று கூரை இறவாரத்தில் செருகி மறைத்து வாழ்ந்தார்கள் நம் முன்னோர். மாயப் புனைகதைக்கு இதைவிட நல்ல விதி கிடைக்காது. தோம்பில் ஏறிய பெயருக்குரிய பாதி மட்டுமே தேவாலயத்தின் ஆணைக்குக் கட்டுப்படும். வீட்டுப் பெயருக்குரிய பாதி கட்டுப்படாது. ஒருவரின் வீட்டுப் பெயரை எவனாவது தோம்பின் ஓரத்தில் எழுதிவிட்டால் என்ன நடக்கும் என்பதே உங்கள் கதை. அதனால் நாயகனாகப் பாதிரியாரை வைக்காதீர்கள். அவர் எப்போதாவது சுற்றுக்கு வந்து போகிறவர். எழுத்தாணியும் பேனையும் எவர் கையில் இருந்தனவோ அந்தச் சட்டம்பியாரை, அதாவது பள்ளிக்கூட வாத்தியாரை வையுங்கள். அயலவரின் இரண்டு பெயர்களையும் அறிந்தவர் அவர் ஒருவரே.

காலத்தை 1687க்குப் பின் வைத்தால் இன்னொரு வசதி உண்டு. அந்த ஆண்டில் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். பின்னர், சங்கானையிலிருந்து அதிக தூரமில்லாத சில்லாலையில், ஒல்லாந்தர் தடைசெய்திருந்த கத்தோலிக்க வழிபாட்டுக்காக மறைந்திருந்து, இரவுகளில் வீடுகளிலே பூசை நிறைவேற்றினார். பகலில் திறந்திருக்கும் தேவாலயத்தில் மனமில்லாத கூட்டம். இரவில் மண்வீட்டுக்குள் உயிருள்ள வழிபாடு. கட்டடத்தை விட்டு அதன் சக்தி வெளியேறி, ஊருக்குள் வீடு மாறிக்கொண்டிருக்கிறது என்று நீங்கள் எழுதினால் அது வெறுங்கற்பனையாகத் தோன்றாது. (பருத்தித்துறையில் பல்தேயுஸ் ஒரு புளியமரத்தின் கீழ் நின்று பிரசங்கித்தாராம். பேய் குடியிருக்கும் மரமென்று நம் சனம் ஒதுங்கிப் போகும் நிழலில் நின்று அவர் மோட்சத்தைப் பேசியதை எவரும் இன்னும் கதையாக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமே.)

இரண்டு இடங்களில் மட்டும் கவனமாயிருங்கள். அடிகளார் 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். சில்லாலையில் அவரை இன்றும் மன்றாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவரை மந்திரவாதியாக்காமல், அவர் வழியில் வந்த பெயரற்ற ஒரு குருவைப் படைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, கதையைச் சமகாலத்துக்கு இழுத்து வந்து, 1995 யூலை 9ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்து குண்டுவீச்சில் மாண்டவர்களை ஆவிகளாக உலவவிடும் ஆசை எவருக்கும் வரலாம். மாண்டவர்களின் பெற்றோரும் சகோதரரும் இன்னும் ஆண்டுதோறும் அங்கே விளக்கேற்றுகிறார்கள். அவர்களுடைய துயரத்தை உங்கள் கதைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்; கதையை ஒல்லாந்தர் காலத்திலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுங்கள்.