சஃபாரி பூங்காவுக்குள் சொந்தக் காரில் போவதா, பூங்காவின் பேருந்தில் போவதா? குழந்தைகளும் பெரியவர்களும் கூட வருகிறார்கள்.

காரை ஓட்டப்போவது யார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே! சொல்லாமல் விட்டதிலிருந்தே ஓட்டப்போவது நீங்கள் இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் பேருந்தில் போங்கள். வேறு யாராவது ஓட்டுகிறார்கள் என்றால் சொந்தக் காரிலேயே போங்கள், ஜாலியாக இருக்கும். பதில் இவ்வளவுதான். மீதியெல்லாம் என் புலம்பல், அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம்.

நாங்கள் போனது ஏழு பேர். மாமனார், மாமியார், கணவர், ஒன்பது வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண், முன் சீட்டில் கொழுந்தனார், ஸ்டியரிங்குக்குப் பின்னால் நான். கணவருக்கு ஓட்டத் தெரியாது. கொழுந்தனாரிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் அது பர்ஸை விட்டு வெளியே வராது. "அண்ணி ஓட்டினா தூக்கம் வர்ற மாதிரி சுகமா இருக்கும்" என்று ஒரு பாராட்டு வேறு. இந்த ஒரு பாராட்டை வைத்தே பத்து வருடமாக வீட்டின் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் என்னை ஓட்ட வைத்துவிட்டார்கள். அது வேறு கதை.

முதலில் மானும் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் இருக்கும் பகுதி. அங்கே மட்டும் கண்ணாடியைப் பாதி இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு ஒட்டகச்சிவிங்கி காருக்குப் பக்கத்திலேயே வந்து நின்று, பின் சீட்டு ஜன்னலை நாக்கால் துழாவியிருக்கிறது. அதன் நாக்கு ஒன்றரை அடி நீளம் இருக்கும், கறுத்துப்போன ஊதா நிறம். காருக்குள் ஒரே கூச்சல், சிரிப்பு. நான் பார்த்தது அதன் முழங்காலை. அவ்வளவு உயரமான மிருகம் கதவோரம் வந்து நின்றால் ஓட்டுகிறவர் கண்ணுக்கு எட்டுவது அதுதான். குனிந்து மேலே பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் முன்னால் இருந்த கார் நகர்ந்துவிட்டது, பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார்.

அப்புறம் இரட்டைக் கதவு. ஒன்றை மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறக்கிறார்கள், அதைத் தாண்டினால் சிங்கம். கண்ணாடியை முழுக்க ஏற்று, கதவைப் பூட்டு, என்ன நடந்தாலும் இறங்காதே, வண்டி நின்றுபோனால் ஹாரன் அடி, ரோந்து வண்டி வரும். சட்டம் இவ்வளவுதான். சிங்கம் ஒரு நாளில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் படுத்தே கிடக்கும் பிராணி, இருபது மணி நேரம் கூடக் கிடக்குமாம். நாங்கள் போனது உச்சிவெயிலில். ஆறேழு சிங்கம் மர நிழலில் மல்லாந்து கிடந்தனவாம், எனக்குக் கொழுந்தனார் சொன்னார். எல்லா வண்டியும் அங்கேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தன. அந்த வரிசையில் கால் மணி நேரமாக நான் பார்த்தது முன்னால் இருந்த காரின் சிவப்பு விளக்கை.

அந்த நேரம் பார்த்து டெம்பரேச்சர் முள் மேலே ஏற ஆரம்பித்தது. வண்டி பழசு, ஏழு பேர் பாரம், ஏசி ஓடுகிறது, ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்பதால் ரேடியேட்டருக்குக் காற்றும் சரியாக இல்லை. ஏசியை அணைத்தேன். முள் இறங்கவில்லை. என் அப்பா எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தபோது சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. என்ஜின் சூடானால் ஹீட்டரை முழுசாகத் திருப்பு, என்ஜினின் சூட்டில் கொஞ்சத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பார். திருப்பினேன். உச்சிவெயில், கண்ணாடி எல்லாம் மூடியிருக்கிறது, உள்ளே ஏழு பேர், அனல்காற்று. "என்னம்மா இது, அடுப்புல தூக்கி வெச்ச மாதிரி இருக்கு" என்றார் மாமியார். "ரெண்டே நிமிஷம் அத்தை" என்றேன். பெண் அழ ஆரம்பித்தாள். கொழுந்தனார், "அண்ணி, அதுங்கதான் தூங்குதே, ரெண்டு விரல் கண்ணாடியை இறக்கினா என்ன?" என்று சொல்லிக்கொண்டே பட்டனில் கை வைத்தார்.

கத்திவிட்டேன். "யாரும் கண்ணாடியில கை வைக்கக் கூடாது!" என்று. மாமனார் முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. எல்லோரும் அடங்கினார்கள், ஒரு சிங்கம் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்ததாம். அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் "சிங்கமே பயந்துடுச்சு எங்க வீட்டு மருமக சத்தத்துக்கு" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு "இதற்கெல்லாமா கத்துவது" என்று கேட்க ஆள் வருவீர்கள், தெரியும். 2016 ஜூலையில் பெய்ஜிங் பக்கத்தில் பாதாலிங் பூங்காவில் ஒரு பெண் புலிப் பகுதியில் காரை விட்டு இறங்கினாள். புலி அவளை இழுத்துக்கொண்டு போனது. காப்பாற்ற இறங்கி ஓடிய அவள் அம்மா செத்தே போனார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், பலத்த காயத்தோடு. கண்ணாடியை இறக்குவதும் காரை விட்டு இறங்குவதும் ஒன்றா என்றால், இல்லைதான். ஆனால் அதைப் பிரித்து யோசிக்கும் நிலையில் நான் இல்லை. "என்ஜினை அணைத்திருக்கலாமே" என்பவர்களுக்கு: பேட்டரி ஏற்கனவே மக்கர் செய்துகொண்டிருந்தது, அணைத்துவிட்டுத் திரும்பக் கிளம்பவில்லை என்றால்? கடைசியில் வரிசை நகர்ந்தது, முள்ளும் மெதுவாக இறங்கியது. ஹீட்டருக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

பபூன் குரங்குப் பகுதிக்குப் போவது நம் இஷ்டம், வேண்டாம் என்றால் பக்கத்து வழியாகப் போய்விடலாம். இங்கிலாந்தில் நோஸ்லி பூங்காவிலும் இதே மாதிரி ஒரு மாற்றுவழி வைத்திருக்கிறார்கள், அங்கே பபூன்கள் காரைப் பிய்ப்பதில் அவ்வளவு பிரபலம். நான் வேண்டாம் என்றேன். "குரங்கு என்ன பண்ணிடும் அண்ணி" என்றார் அதே கொழுந்தனார், பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒன்று பானெட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் குழாய் முனையைப் பிடுங்கித் தின்று பார்த்துத் துப்பியது. இன்னொன்று பின் வைப்பரை இரண்டு கையாலும் முறுக்கிக் கழற்றி எடுத்துக்கொண்டு, கம்பு மாதிரி தோளில் சாத்தியபடி நடந்து போனது. அதை மட்டும் பின்பார்க்கும் கண்ணாடியில் நன்றாகப் பார்த்தேன். அன்றைக்கு நான் முழுசாகப் பார்த்த ஒரே விலங்கு அதுதான், அதுவும் முதுகுப் பக்கம்.

1966-இல் இங்கிலாந்தில் லாங்லீட் மாளிகைத் தோட்டத்தில் சர்க்கஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஜிம்மி சிப்பர்ஃபீல்டு சிங்கங்களைக் கொண்டு வந்து விட்டு, சனங்களைச் சொந்தக் காரிலேயே நடுவில் ஓட்டிப் போக வைத்தார். மிருகத்தை வெளியே விட்டு மனிதனைக் கூண்டில் அடைக்கிற யோசனை, நல்ல யோசனைதான். அந்தக் கூண்டை ஓட்டவும் ஒருத்தி வேண்டுமே என்பது அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அதற்கு 2 வருடம் முன்பே, 1964-இல், டோக்கியோவின் தாமா விலங்கியல் பூங்காவில் எல்லோரையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் சிங்கம் காட்டினார்கள். அவர்களுக்குப் புத்தி இருந்திருக்கிறது.

காரில்தான் போவோம் என்றால், முந்தின நாளே ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள், பெட்ரோல் நிரப்புங்கள். நுழைவதற்கு முன்னால் பெரியவர்கள் உட்பட எல்லோரையும் பாத்ரூம் அனுப்புங்கள், உள்ளே நடுவில் எங்கேயும் இறங்க முடியாது. பின் கதவின் சைல்டு லாக்கைப் போட்டு, ஜன்னல் பட்டன்களையும் ஓட்டுகிறவர் பக்கமிருந்தே பூட்டிவிடுங்கள். நான் அதை மட்டும் செய்திருந்தால் கத்தவே வேண்டியிருந்திருக்காது. வெயில் ஏறுவதற்கு முன்னால், காலையிலேயே முதல் ஆளாகப் போனால் மிருகங்கள் எழுந்து நடமாடும், வரிசையும் இருக்காது. பேருந்து என்றால் இதில் பாதி கவலை இல்லை, உயரமான சீட்டு, குறுக்கே எந்தக் காரும் மறைக்காது, பெரியவர்களுக்கு விளக்கம் சொல்லவும் ஆள் இருப்பார். குழந்தைக்கு இன்னும் பத்து நிமிஷம் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் நிற்க மாட்டார்கள். அது ஒன்றுதான் குறை.

திரும்பி வந்ததும் குடும்ப வாட்ஸப் குழுவில் நாற்பது போட்டோ போட்டார்கள். ஒன்றில்கூட நான் இல்லை. தேடிப் பார்த்ததில் ஒரு சிங்கப் படத்தின் ஓரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்த என் இடது கை இருந்தது. மேலே, "தம்பி கூட்டிட்டுப் போன சஃபாரி" என்று மாமியார் எழுதியிருந்தார்.

பின் வைப்பரை இன்னும் மாற்றவில்லை. மழை பெய்தால் பின்னால் ஒன்றும் தெரிவதில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது கொழுந்தனார் முன் சீட்டில் உட்கார்ந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "வரலாம் அண்ணி, வரலாம்" என்கிறார்.