மாடிக்கு எட்டாத வைஃபை

கேள்வி: கீழே டிவிக்குப் பின்னால் ரவுட்டர் இருக்கிறது. மாடி அறையில் ரிப்பீட்டர் மாட்டியும் வேகம் இல்லை. என்ன செய்வது?

பதில்: சிக்னல் செத்த அறையில் மாட்டினால் ரிப்பீட்டருக்குத் திருப்பி அனுப்ப எதுவும் கிடைக்காது. மாடிப்படித் திருப்பத்தில், பாதி வழியில் மாட்டுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அனுப்பும் மலிவு ரகம் என்றால் அங்கும் வேகம் ஏறக்குறைய பாதிதான். ரவுட்டரை டிவியின் பின்னாலிருந்து எடுத்து, 5 அடி உயரத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தை 5 கிகாஹெர்ட்ஸ் அலை எளிதில் தாண்டாது, மாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பயன்படுத்துங்கள்.

என் சிபாரிசு கேபிள்தான். முழுச் செம்பாலான கேட்6 நெட்வொர்க் கேபிளை, மின்கம்பி போகாத தனிப் பைப்பில் மாடிக்கு இழுத்து, இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தருவது மட்டுமே அதன் வேலை) வையுங்கள். அந்த மோடு இல்லாத பழைய ரவுட்டரென்றால் அதன் டிஹெச்சிபியை (போன்களுக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க் எண், வழங்கும் வசதி) அணைத்து, கீழ் ரவுட்டருடன் மோதாதபடி அதன் ஐபி முகவரியையும் மாற்றி, கேபிளை வேன் (WAN) துளையில் அல்ல, லேன் (LAN) துளையில் செருகுங்கள். மறந்தால் போன் இணைந்தும் இணையம் வராமல் போகலாம்.