ஆன்லைன் எடிட்டரில் சரியாக ஓடிய வினவல் அலுவலகத்தில் ஏன் வெறுமையாக வருகிறது?

வாசகர் கேள்வி: ஒருமுறைகூட ஆர்டர் தராத வாடிக்கையாளர்களைக் கண்டறிய, 'நாட் இன்' (NOT IN, அதாவது 'இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்ற நிபந்தனை) பயன்படுத்தி, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் (SQL) ஒரு வினவலை ஆன்லைன் எடிட்டரில் எழுதிப் பார்த்தேன், சரியாக வந்தது. அதையே அலுவலகத் தரவுத்தளத்தில் ஓட்டினால் ஒரு வரிசைகூட வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. எங்கே தவறு?

பதில்: நீங்கள் விவரிக்கும் அறிகுறிகள், ஆர்டர் அட்டவணையின் வாடிக்கையாளர் எண் நெடுவரிசையில் எங்கோ ஒரு 'நல்', அதாவது மதிப்பே பதியப்படாத இடம், இருப்பதையே காட்டுகின்றன. எடிட்டரில் நீங்கள் உருவாக்கிய மாதிரித் தரவில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்திருக்கும். ஆகவே அங்கே இந்தக் குறை வெளிப்பட வாய்ப்பே இருந்திருக்காது.

இதை எடிட்டரிலேயே கண்ணால் பார்த்துவிடலாம். வாடிக்கையாளர் அட்டவணையில் 1 முதல் 4 வரை எண்கள் கொண்ட நால்வரையும், ஆர்டர் அட்டவணையில் 1, 1, 2 என்ற வாடிக்கையாளர் எண்களோடு மூன்று ஆர்டர்களையும் சேருங்கள். உங்கள் வினவல் 3, 4 ஆகிய இருவரையும் சரியாகத் தரும். இப்போது வாடிக்கையாளர் எண்ணை 'நல்' என்று விட்டு நான்காவதாக ஓர் ஆர்டரைச் சேர்த்து மீண்டும் ஓட்டுங்கள்: விடை காலியாகிவிடும். 3 என்பது 1-க்கும் 2-க்கும் சமமல்ல என்று தரவுத்தளம் உறுதியாகச் சொல்லும். ஆனால் தெரியாத ஒரு மதிப்புக்குச் சமமா இல்லையா என்ற கேள்விக்கு அது 'உண்மை' என்றோ 'பொய்' என்றோ சொல்லாமல் 'தெரியாது' என்றே விடையளிக்கும். நிபந்தனை உண்மை என்று உறுதியான வரிசைகளை மட்டுமே வினவலில் நிபந்தனை எழுதும் 'வேர்' (WHERE) பகுதி அனுமதிப்பதால், 3-ஆம் எண்ணும் 4-ஆம் எண்ணும் விடையிலிருந்து வெளியேறிவிடுகின்றன. 'நாட் இன்' இருந்த இடத்தில் பொருந்தும் வரிசை இல்லை என்பதைச் சோதிக்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (NOT EXISTS) கொண்டு, இரு அட்டவணைகளின் வாடிக்கையாளர் எண்களையும் உள்வினவலில், அதாவது வினவலுக்குள் அடங்கிய வினவலில், ஒப்பிட்டு எழுதினால், அந்த நான்காவது ஆர்டர் இருந்தாலும் இருவரும் திரும்ப வந்துவிடுவார்கள்.

ஆன்லைன் எடிட்டரின் முழுப் பயனும் நாம் அதற்குள் இடும் மாதிரித் தரவில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஐந்தாறு வரிசைகளே போதும். ஆனால் அவற்றில் ஒரு 'நல்', ஒரு இரட்டைப் பதிவு, ஒரு வெற்றுச் சரம் (ஓர் எழுத்துகூட இல்லாத உரை), மற்ற அட்டவணையில் இணையே இல்லாத ஓர் எண் ஆகியவை வேண்டுமென்றே இடம்பெற வேண்டும். ஓட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே எந்த வரிசைகள் வரவேண்டும் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விடையைப் பார்த்த பிறகு அது சரியா என்று யோசித்தால், வந்ததையே சரியென்று ஏற்கத் தோன்றும். பெரிய வினவலாக இருந்தால் உள்வினவலை முதலில் தனியாக ஓட்டிப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் அந்த ஒரு படியே காலிக் கட்டத்தைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

எடிட்டரில் எந்தத் தரவுத்தளத்தை, எந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதும் விடையை மாற்றும். 5-ஐ 2-ஆல் வகுத்தால் போஸ்ட்கிரஸிலும் எஸ்கியூலைட்டிலும் 2 வரும். மைஎஸ்கியூஎல்லில் தசமத்தோடு வரும். உரையில் சொல் தேடும் 'லைக்' (LIKE) கொண்டு ஆங்கிலச் சொல்லைத் தேடினால் எஸ்கியூலைட் இயல்பாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை, போஸ்ட்கிரஸ் பார்க்கும். உள்வினவலுக்குப் பெயரிட்டு முதலிலேயே எழுத உதவும் 'வித்' (WITH) தொடர் மைஎஸ்கியூஎல் 8.0-இல்தான் வந்தது என்பதால், அலுவலகத்தில் 5.7 இருந்தால் அது பிழையாகவே முடியும்.

மாதிரித் தரவை நீங்களே புனைந்து எழுதுங்கள். அலுவலகத் தரவிலிருந்து உண்மையான பெயர்களையும் தொலைபேசி எண்களையும் நகலெடுத்து ஒட்டவே கூடாது, ஏனெனில் பகிர்வதற்கான இணைப்பை உருவாக்கும் எடிட்டர்கள் நீங்கள் எழுதியதைத் தங்கள் சர்வரில் சேமித்துவைக்கின்றன. அந்த இணைப்பு கிடைத்த எவரும் அதைத் திறந்து பார்த்துவிடலாம்.

இன்று அலுவலகத்தில் முதல் வேலையாக, ஆர்டர் அட்டவணையில் வாடிக்கையாளர் எண் இல்லாத வரிசைகளை எண்ணிப் பாருங்கள். நிபந்தனையில் சமக்குறியிட்டு 'நல்' என்று எழுதினால் மேற்சொன்ன அதே காரணத்தால் 0 என்றே வரும். 'இஸ் நல்' என்று எழுதினால்தான் உண்மையான எண்ணிக்கை கிடைக்கும்.